பாவடி மைதானத்தின் மேற்கு வாய்

பள்ளிபாளையத்து நெசவாளர் தெருவில் மாரக்காளைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். அதை அவளே சொல்வாள், சிரித்துக்கொண்டே சொல்வாள். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, தறியை விற்றுவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விடு என்று சொந்தபந்தமெல்லாம் கூடிப் புத்தி சொன்னது. அவளும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். காரியம் முடிந்த மறுநாள் காலையில் புருஷன் உட்கார்ந்த தறிக்குழியில் இறங்கி நெய்ய ஆரம்பித்துவிட்டாள். பொம்பளை குழியில் இறங்குவதா என்று பங்காளிகள் வாசலில் நின்று கத்தினார்கள். கத்திக் கத்தித் தொண்டை வறண்டு கடைசியில் தண்ணீர் கேட்டார்கள். தண்ணீர் கொடுத்தாள். தறியை விடவில்லை.

அவளுக்கென்று இருந்த ஒரே பிடிப்பு தம்பி வீரபாகு. அம்மா செத்ததும் அவனைத் தன்னிடமே கூட்டிவந்து வளர்த்தாள். வளர்ந்து நல்ல நெசவுக்காரனாக ஆனான், பக்கத்திலேயே தனித் தறி போட்டான். அக்கா ஒன்று சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. எல்லாம் அந்தத் தோல்பந்து ஊருக்குள் வருகிற வரைக்கும்தான்.

பந்து உருண்ட இடம் பாவடி. பாவு நீட்டுகிற இடத்துக்குத்தான் பாவடி என்று பேர். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் சேலையின் நீளவாட்டு நூலையெல்லாம் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, புருசு என்கிற நார்த் தூரிகையால் நீவி உலர்த்த வேண்டும். அதற்குத் தெரு போதாது. ஆகவே ஊர் முன்னோர்கள் காவிரிக்கரையிலிருந்து கிழக்கே பார்க்க நீளமாக ஒரு பொட்டலைப் பொதுவில் விட்டிருந்தார்கள். கிழக்கு மேற்காக விட்டதில் காரணம் உண்டு. ஆற்றைத் தாண்டி வருகிற மேற்குக் காற்று பாவின் நீளத்தோடு ஓடினால் நூல் படபடக்காமல் சீராகக் காயும். குறுக்கே அடித்தால் சிக்கல்தான்.

நீட்டின பாவை யாரும் தாண்ட மாட்டார்கள். இடுப்புயரத்தில் கட்டியிருக்கும், குனிந்து அடியில் நுழைந்து போவார்கள், அல்லது சுற்றிப் போவார்கள். தாண்டினால் தறியில் ஏறின பிறகு நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்று நம்பிக்கை. குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவன்கூடப் பாவைக் கண்டால் நின்று, யோசித்து, குனிந்துதான் போவான்.

குடிகாரன் என்றதும் ஞாபகம் வருகிறது. சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து கள்ளுக்கடைகளை மூடின வருஷத்தில்தான் பந்து வந்தது. சாயங்காலமானால் ஆம்பளைகளுக்குப் போக்கிடம் இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் சண்டை, தெருவில் நின்றால் வம்பு. இவர்களை எதிலாவது திருப்பிவிட வேண்டுமென்று சர்க்கார் ஊருக்கு ஊர் பஜனை வைத்தது, விளையாட்டு வைத்தது. பள்ளிபாளையத்துக்கு ஒரு தோல்பந்தும் அதை எப்படி உதைப்பது என்று காட்ட ஒரு உத்தியோகஸ்தரும் வந்தார்கள். பாவடி காலையில் பொம்பளைகளுக்கு, சாயங்காலம் காலி. பாவைக் கட்ட முளையடிக்கிற இரண்டு கோடியிலும் மூங்கில் நட்டு, பந்து புகுகிற கோல் ஆக்கினார்கள். வீரபாகுவுக்கு நீளமான கைகள். அவனைக் கோலுக்குள் நிறுத்தினார்கள். அன்றையிலிருந்து அவன் சோறு தின்னும்போதும் பந்தைப் பற்றித்தான் பேச்சு.

"அக்கா, பந்து வர்றப்ப உதைக்கிறவன் காலைப் பாக்கக் கூடாது, இடுப்பப் பாக்கோணும்."

"நீ மொதல்ல எலையப் பாத்துத் தின்னு சாமி" என்பாள் மாரக்காள். ஆனாலும் சாயங்காலம் வேப்பமரத்தடியில் நின்று எட்டிப் பார்ப்பாள். அவன் பாய்ந்து பந்தைப் பிடிக்கிறபோது அவளுக்கும் கை துறுதுறுக்கும்.

அடுத்த வருஷம் சப் கலெக்டர் துரை ஒரு வெள்ளிக் கோப்பை கொடுப்பதாக அறிவிப்பு வந்தது. கடைசி ஆட்டம் அடுத்து வருகிற ஆடி மாதத்தில்; அதை எந்த ஊரில் வைப்பது என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போட்டி. கோப்பைச் சங்கத்துக் காரியதரிசி வக்கீல் தண்டாயுதபாணி, சேலம் அஸ்தம்பட்டிக்காரர், வண்டி கட்டிக்கொண்டு இடம் பார்க்க வந்தார். நல்ல மனுஷர், வெள்ளை வேட்டி, கையில் பத்திரிகையிலிருந்து வெட்டின ஒரு படம். சீமையில் ஏதோ ஒரு மைதானம். நாலு பக்கமும் படிப்படியாகக் கேலரி, அதில் எள் விழ இடமில்லாமல் ஜனம்.

"நாலு பக்கமும் இப்படிக் கட்டிவிட்டால் கடைசி ஆட்டம் உங்கள் ஊரில்தான். மூன்று பக்கம் கட்டி ஒரு பக்கம் விட்டால் அது மைதானமில்லை, மாட்டுத் தொழுவம்" என்றார்.

ஊர்ப் பெரியதனம் கந்தப்பன் அந்தப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. மழைக்காலம் பிறந்தது. வெளியில் பாவு நீட்ட முடியாத மாதங்கள். தெருவே மண்ணில் இறங்கியது. ஓடையில் வெட்டி, கூடையில் சுமந்து கரை எழுப்பினார்கள். முதல் மழையிலேயே ஒரு பக்கம் கரைந்து கோந்தாக ஓடிற்று. அப்போது மரமேறி சின்னண்ணன் வந்தான். கள் இறக்கின பனைகளை மரத்துக்காரர்கள் வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பிழைப்புப் போன கோபம் அவனுக்கு.

"ஏறித்தான் பொழைக்க முடியல, ஏறி உக்காந்தாச்சும் பாக்கறேன்" என்று பனந்துண்டுகளை உருட்டிவந்து போட்டான். ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு பனந்துண்டைக் கிடத்தி, பின்னால் மண்ணைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினார்கள். படி நின்றது. மண் சுமந்தவர்கள் அதிலேயே உட்கார்ந்து இளைப்பாறினார்கள். கேலரி என்பது என்னவென்று அப்போதுதான் ஊருக்கு விளங்கியது.

நாலு பக்கத்திலும் மேற்குக் கரைதான் உயரம். சாயங்கால வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் கண் கூசாது என்று பெரிய மனிதர்களுக்கு அந்த இடத்தை ஒதுக்கினார் வக்கீல். மேலே ஓலைக் கூரையும் பின்னால் தட்டியும் போட்டார்கள். அந்தக் கரைக்கு அதிகம் மண் சுமந்தவள் மாரக்காள். நாள் பூராவும் சுமந்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்று, "என்ற தம்பி கோல் நிக்கறதை இதும்மேல ஏறி உக்காந்து பாப்பேன், எவன் வந்து எந்திரிக்கச் சொல்றான்னு பாக்கறேன்" என்றாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

தை, மாசி, பங்குனி ஒரு குறையுமில்லை. வெயிலே பாவைக் காயவைத்துவிடும், காற்றை யார் தேடுகிறார்கள்? வைகாசி பாதியில் வானம் மூடிக்கொண்டது. அப்போதுதான் கோளாறு ஆரம்பமானது. காலையில் கஞ்சி போட்ட பாவு மத்தியானம் வரைக்கும் பிசுபிசுவென்றே கிடந்தது. புளித்த வாடை. நூலோடு நூல் ஒட்டிக்கொண்டது; தறியில் ஏற்றினால் பொட்டுப் பொட்டென்று அறுந்தது. பாவு நீவுகிற அத்தாயி ஊர்க்கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றினாள். மாரக்காள் அரிசியை மாற்றினாள், கஞ்சிப் பானையை மாற்றினாள், நீவுகிற ஆளை மாற்றினாள், அந்த ஆளோடு சண்டையும் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. தீபாவளிச் சேலைக்குப் பாவு போடுகிற காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் விட்டால் வருஷத்தில் பாதி நாள் தெருவில் அடுப்பு எரியாது.

ஆனி முடியப் போகிற சமயம், ஒருநாள் காலையில் சும்மா அண்ணாந்து பார்த்தாள். வேப்பமரத்து உச்சி தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. கீழே பாவில் ஒரு நூல் அசையவில்லை. அவள் நார்ப் புருசைக் கீழே போட்டுவிட்டு மேற்குக் கேலரியில் விடுவிடுவென்று ஏறினாள். உச்சிப் படிக்குப் போனதும் ஆற்றுக்காற்று முகத்தில் அறைந்து முந்தானையைப் பிடுங்கியது. இறங்கி வந்தாள். காற்று இல்லை. மறுபடி ஏறினாள். மறுபடி அறைந்தது.

"அட நாசமாப் போச்சே" என்று கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முன்னோர்கள் காற்றுக்கென்று பார்த்துப் பார்த்து விட்ட பொட்டலின் வாயை அந்தக் காற்றைத் தின்று வாழ்கிற ஜனமே சேர்ந்து மண் போட்டு மூடியிருக்கிறது. அதிலும் அதிகக் கூடை அவளுடையது. அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது; யார்மேல் என்று தெரியாத கோபம்.

அன்றே கந்தப்பனிடம் போனாள். அவர் உறவுமுறையில் அவளுக்கு மாமன்.

"மாமா, மேக்குக் கரையை நடுவுல ஒடச்சு உட்றோணுமுங்க. காத்து வரலீங்க."

"ஆடி கழியட்டும் புள்ள. தொரை வந்து உக்காந்துட்டுப் போகட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

"ஆடி கழிஞ்சா பாவும் கழிஞ்சு போகுமுங்க. தொரை வந்து தீவாளிக்குச் சேலை நெய்ஞ்சு தருவாருங்களா?"

நாற்காலி போடுகிற இடத்தைப் பார்க்க வந்திருந்த வக்கீல் அங்கேயே இருந்தார். "நீங்கள் பாவை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகலாமே, அம்மா" என்றார் மரியாதையாகத்தான்.

"ஆடியில ஆத்தங்கரை எங்கீங்க இருக்கும்? தண்ணிக்கு அடியில இருக்கும். மீனா வந்து நீவித் தரும்?"

"நாலு பக்கமும் கேலரி என்பதுதான் பேச்சு. உடைத்தால் ஆட்டத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவேன்."

"தொழுவத்து மாட்டுக்கும் காத்து வேணுமுங்களே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் வீரபாகு காத்திருந்தான். விஷயம் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"அக்கா, ரெண்டு வாரம் பொறுத்துக்க. இந்த ஒரு கோப்பை. என்ற வாழ்நாள்ல இன்னொருக்கா இங்க தொரை வந்து பாப்பானா?"

"ரெண்டு வாரத்துல தெருவுல அத்தனை பாவும் புளிச்சுப் போகும் சாமி. உன்ற பாவும் சேத்துத்தான்."

"புளிச்சாப் புளிக்கட்டும்! நீ அந்தக் கரையில கை வெச்சு, ஆட்டம் வேற ஊருக்குப் போச்சுன்னா, கோப்பை கைவுட்டுப் போச்சுன்னா, உன்ற ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். சொல்லிப்போட்டேன்."

இவன் ஒருத்தனுக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ஒரு ராத்திரி பூராவும் புரண்டு படுத்தாள். விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

பாவடியில் அத்தாயியும் மற்றப் பொம்பளைகளும் நின்றிருந்தார்கள். அத்தாயிக்கு அதிகம் பேச வராது. "நீ வெட்டு, நாங்க பாவு போடறோம்" என்றாள், அவ்வளவுதான். மேற்குக் கரைக்குப் பின்பக்கம் ஆறு வரைக்கும் சப்பாத்திக்கள்ளி. மனிதன் நுழைய முடியாது. முன்பக்கம்தான் வழி. அந்த முன்பக்கத்தில், வடக்குக் கேலரி முடிகிற இடத்திலிருந்து தெற்குக் கேலரி முடிகிற இடம் வரைக்கும் குறுக்கே வரிசை வரிசையாகப் பாவு நீட்டினார்கள். பாவடியில் பாவைக் குறுக்கே போட்டது அன்றைக்கு ஒருநாள்தான். வழக்கமான இடுப்புயரத்திலும் இல்லை, முழங்கால் உயரம். குனிந்து நுழைய வழியில்லாத உயரம். தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுவான் எவன்?

மாரக்காள் உச்சிப் படியில் நின்று முதல் வெட்டு வெட்டினாள். பனந்துண்டு ஒன்று உருண்டு வந்து தடாலென்று விழுந்தது. சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. கந்தப்பன் ஓடிவந்தார், சத்திரத்தில் தங்கியிருந்த வக்கீல் ஓடிவந்தார், ஆட்டக்காரப் பையன்கள் அத்தனை பேரும் வந்தார்கள். வந்து பாவுக்கு முன்னால் கோடு கிழித்த மாதிரி நின்றார்கள்.

"போலீசைக் கூப்பிடுவேன்!" என்றார் வக்கீல்.

"கூப்புடுங்க. அவிங்க வர்றதுக்குள்ள ஒரு வாய் தொறந்துரும்" என்று மேலிருந்து பதில் வந்தது.

வக்கீல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாவைத் தாண்டக் காலைத் தூக்கினார். கந்தப்பன் பதறி அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க! காலை வெக்காதீங்க சாமி! அதுல என்ற மருமவ பாவும் கெடக்குதுங்க!"

பொம்பளைகள் சிரித்துவிட்டார்கள். கந்தப்பனுக்கே மீசைக்குள் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். வீரபாகு மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா! எறங்கு! எறங்குன்னு சொன்னேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் ஓட ஓட வெட்டினாள். கொஞ்ச நேரத்தில் சின்னண்ணன் வேறொரு மண்வெட்டியோடு வந்தான். அவன் நெசவாளி இல்லை; வக்கீல் ஆவலோடு அவனைப் பார்த்தார். அவன் பாவைத் தாண்டாமல், கையெல்லாம் கீறிக்கொண்டு, கள்ளிக்குள் புகுந்து பின்பக்கமாக ஏறி அவளுக்குப் பக்கத்தில் நின்று வெட்ட ஆரம்பித்தான்.

"நானும் சுமந்து போட்ட மரந்தானே" என்றான்.

மத்தியானத்துக்குள் மேற்குக் கரையின் நடுவே பாவடி அகலத்துக்குப் பாதியாவது திறந்துவிட்டது. ஓலைக்கூரை சரிந்து கிடந்தது. திறந்த வாய் வழியாகக் காற்று திமுதிமுவென்று உள்ளே வந்தது. பொம்பளைகள் குறுக்குப் பாவையெல்லாம் அவிழ்த்து, நேராகத் திருப்பி நீட்டினார்கள். சாயங்காலத்துக்குள் அது காய்ந்தது. வாடை போய்விட்டது.

ஆட்டத்தை வேறு ஊருக்கு மாற்ற வக்கீல் என்னவெல்லாமோ செய்து பார்த்தார். ஊரெங்கும் தமுக்கடித்தாகிவிட்டது, துரையின் பயணமும் முடிவாகிவிட்டது. மாற்ற முடியவில்லை. மேற்கே வாய் திறந்த மைதானத்திலேயே கடைசி ஆட்டம் நடந்தது. துரைக்குத் தெற்குக் கேலரியில் நாற்காலி போட்டார்கள். படியில் அது ஆடிக்கொண்டே இருந்ததால் அவர் அதைத் தள்ளிவிட்டுப் பனந்துண்டில் ஜனங்களோடு உட்கார்ந்துவிட்டார். மேற்கில் மிஞ்சியிருந்த மேட்டில் மாரக்காளும் பாவடிப் பொம்பளைகளும் இடம் பிடித்திருந்தார்கள். எழுந்திரிக்கச் சொல்ல யாரும் வரவில்லை.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த அணி நல்ல அணி. முதல் பாதியில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. இரண்டாம் பாதிக்கு வீரபாகு கிழக்குக் கோலுக்குள் போய் நின்றான். சாயங்காலம் ஏற ஏற ஆடிக்காற்றும் ஏறியது. ஆட்டம் முடியப் போகிற நேரம். அக்கரைக்காரன் ஒருத்தன் பாதி மைதானத்திலிருந்து, போகிற போக்கில், ஒரு நம்பிக்கையும் இல்லாமல் உயரத் தூக்கி உதைத்தான். வீரபாகு கையை விரித்துச் சரியான இடத்தில்தான் நின்றான். மேற்கு வாய் வழியே வந்த காற்று பந்தை வாங்கிக்கொண்டது. அது இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அவன் விரல்நுனிக்கு மேலே போய்க் கோலுக்குள் விழுந்தது. அவ்வளவுதான். கோப்பை பரிசலேறி அக்கரைக்குப் போய்விட்டது.

ஜனம் கலைகிறபோது ஒருவர் விடாமல் மாரக்காளைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீ தொறந்து உட்ட காத்துத்தான் கோல் போட்டுது! ஊருக்கு வந்த கோப்பைய நீதான் ஆத்துல தள்ளிப்போட்டே!" என்று ஒருத்தன் கத்தினான். நாலைந்து குரல் அதோடு சேர்ந்துகொண்டது.

மாரக்காள் மேட்டின் மேலே எழுந்து நின்றாள். தம்பி தரையில் முகம் புதைத்துக் கிடப்பது அங்கிருந்து தெரிந்தது. இருந்தாலும் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஆமா, நாந்தான் தொறந்தேன்! அதுக்கென்ன இப்ப? கோப்பைய இடுப்புல சுத்திக்கிட்டுத் திரிவீங்களா? தீவாளிக்கு உங்க பொண்டாட்டி புள்ளைக்குக் கோப்பையவா உடுத்துவீங்க? தோத்தா அடுத்த வருசம் செயிக்கலாம். பாவு போனா எவன்டா கொண்டாந்து தருவான்? இந்த வாயில ஒரு கூடை மண்ணு எவனாச்சும் கொட்டிப் பாருங்க, மறுபடி வெட்டுவேன். நான் செத்தா அத்தாயி வெட்டுவா!"

அத்தாயி எழுந்து பக்கத்தில் நின்றாள்.

மறுநாள் காலை மாரக்காள் பாவடிக்குப் போனபோது கண் வீங்கியிருந்தது. வீரபாகு அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை, ராத்திரி சோறும் அப்படியே கிடந்தது. பாவை விரித்து ஒரு கோடியை முளையில் மாட்டினாள். மறுகோடியை இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும். அத்தாயியைக் கூப்பிட நிமிர்ந்தாள். அந்தக் கோடியைப் பிடித்துக்கொண்டு வீரபாகு நின்றிருந்தான். முழங்கை சிராய்த்திருந்தது. அவளைப் பார்க்காமல் கோல் மூங்கிலையே பார்த்துக்கொண்டு தேவைக்கு மேல் விசையாக இழுத்தான்.

"உன்ற வாசப்படி மிதிக்கல. பாவடிக்குத்தான் வந்தேன்" என்றான்.

"செரி."

காற்று பாவின் மேலே நீளமாக ஓடிற்று.

"இந்த ஊர்க் காத்து எந்நேரத்துக்கு எப்பிடி ஏறும்னு நம்முளுக்குத் தெரியாதா? பூவா தலையா செயிச்சும் நாந்தான் முட்டாளாட்டம் கடைசிப் பாதிக்குக் கெழக்க போய் நின்னேன்" என்றான் வீரபாகு. "அடுத்த ஆடியில கடைசிப் பாதிக்கு மேக்குக் கோல் நம்முளுது அக்கா. அவனுக கெழக்க நிக்கட்டும், கண்ணுல மண்ணு விழ நிக்கட்டும். அதுக்குள்ளார இந்த வாயை அடைக்க எவனாச்சும் கூடையத் தூக்கிட்டு வந்தா நீ மம்பட்டி எடுக்க வேண்டாம். எனக்கொரு கொரல் குடு."

மாரக்காள் கஞ்சிப் பானையைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"அடுத்த ஆடிக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்குது. இப்ப நூலை அறுக்காம இழுத்துப் புடி சாமி" என்றாள்.